முட்டையைக் கேட்கும் பல்

தொபோல்யாக்
12 அக்டோபர் 1986

ஓப்ராதுக்கு,

'அன்புள்ள தம்பி' என்று போடத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. எட்டு வருஷத்துக்கு மேல் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு எப்படி வரும்? மொட்டையாகவே இருக்கட்டும்.

இத்துடன் வரும் பொட்டலத்தில் என் வாயின் அச்சு இருக்கிறது. சுண்ணாம்புக் கட்டி என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதே. மேல்வரிசையில் முன்பல் நாலும் போய்விட்டன. ஈறு பழுத்து ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டன. ஒரே வாரத்தில் நாலையும் பிடுங்கிவிட்டாள் டாக்டரம்மா. "பல்லு கட்டிக்கணும்மா. சுபோதிட்சாவுல ஓப்ராத்னு ஒருத்தர் இருக்கார், அவர் கை மாதிரி இந்தப் பக்கத்துல யாருக்கும் வராது" என்றாள். உன் பெயரைக் கேட்டதும் பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். கடிக்கப் பல் இருந்தால்தானே!

ஆகவே நான் தம்பியிடம் கேட்கவில்லை. பல் கட்டுகிறவரிடம் கேட்கிறேன். ஈஸ்டருக்குள் எல்லாம் சரியாகிவிட வேண்டும். ஏன் என்று உனக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷமாக ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலய வாசலில், முட்டையோடு முட்டை இடித்து எது உடையாமல் நிற்கிறதோ அது ஜெயிக்கும் முட்டை மோதலுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்காருகிறவள் நான்தான். ஒவ்வொரு வீட்டு முட்டையும் என் கைக்கு வந்து, என் முன்பல்லில் லேசாக ஒரு தட்டுத் தட்டி, "சரி, கோழி முட்டைதான்" என்று நான் சொன்ன பிறகுதான் மேசைக்குப் போகும். கினிக்கோழி முட்டைக்குச் சிவப்புச் சாயம் போட்டவனைப் பிடித்திருக்கிறேன். மரத்தைக் கடைந்து கொண்டுவந்தவனைப் பிடித்திருக்கிறேன்.

1978-இல் உன்னைப் பிடித்தேன். "இது முட்டையில்ல, இவன் பட்டறையில பல்லு செய்யிற பசை" என்று ஊர் முன்னால் சொன்ன வாய்தான் இது. அன்று மத்தியானம் பஸ் ஏறினவன் இன்றுவரை இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதைப் பற்றிப் பேச நான் எழுதவில்லை.

பல் போன விஷயம் ஊரில் யாருக்கும் தெரியாது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு ஜலதோஷம் என்று சொல்லித் திரிகிறேன். ஒருத்திக்கு எத்தனை நாளைக்குத்தான் ஜலதோஷம் இருக்கும்? சீக்கிரம் செய்.

போன் கீன் பண்ணாதே. நான் பேசினால் வெறும் காற்றுதான் வரும்.

ஸ்மில்யா


சுபோதிட்சா
29 அக்டோபர் 1986

அக்காவுக்கு,

அச்சு முழுசாக வந்து சேர்ந்தது. பல்செட்டு இத்துடன் இருக்கிறது. டாக்டரம்மா மாட்டிக் காட்டுவாள். நீயாக முயன்று கம்பியை வளைக்காதே.

நாலு பல், ஒரு ரோஜா நிறத் தகடு, இரண்டு பக்கமும் கோரைப்பல்லைப் பிடித்துக்கொள்ள ஒவ்வொரு கம்பி. முதல் வாரம் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். வாய்க்குள் யாரோ குடிவந்த மாதிரி இருக்கும். பயப்படாதே. தினமும் அரை மணி நேரம் செய்தித்தாளைச் சத்தம்போட்டுப் படி, நாக்குப் பழகிவிடும். முன்பல்லால் எதையும் கடித்து இழுக்காதே, துண்டு போட்டுக் கடைவாயால் மெல். தூங்கும்போது கழற்றித் தண்ணீரில் போடு. வெந்நீர் கூடாது. எங்காவது உரசிப் புண்ணானால் சொல்.

நிறத்தை உன் பழைய பல்லைப் போலவே எடுத்திருக்கிறேன். இடது பக்கத்துப் பல் கொஞ்சம் முன்னால் ஏறியிருக்குமே, அதையும் அப்படியே வைத்திருக்கிறேன். அச்சைப் பார்க்காமலே எனக்கு ஞாபகம் இருந்தது.

வேறு எதைப் பற்றியும் நானும் எழுதவில்லை.

ஓப்ராத்


தொபோல்யாக்
16 நவம்பர் 1986

ஓப்ராதுக்கு,

பல் கட்டுகிறவரே, உங்கள் பல் வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. இல்லாததைச் சொல்ல மாட்டேன். ஆனால் பார்க்க நன்றாக இருப்பது வேறு, வாயில் கிடப்பது வேறு. குதிரைக்குக் கடிவாளம் மாட்டினால் அது ஏன் தலையை அப்படி ஆட்டுகிறது என்று இப்போதுதான் புரிகிறது.

என் பெயரையே எனக்குச் சொல்ல வரவில்லை. முதல் எழுத்து காற்றாகப் போய், மிச்சம் பின்னால் தனியாக வருகிறது. செய்தித்தாளைச் சத்தமாகப் படி என்றாயே, படித்தேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஸ்மில்யா, யாரோட சண்டை?" என்று கேட்டாள். கசகசா ரொட்டி தின்றேன். ஒவ்வொரு கசகசாவும் தகட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு ராத்திரி பூராவும் குத்தியது. முன்பல்லால் எதையும் கடிக்காதே என்று நீ எழுதியிருந்தாய். அதனாலேயே ஆப்பிளைக் கடித்தேன். வாயிலிருந்து ஆப்பிளை எடுத்தால் நாலு பல்லும் ஆப்பிளோடு வருகின்றன! நல்லவேளை, பூனையைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை.

முட்டைக் கமிட்டித் தலைவர் கவ்ரிலோ தெருவில் மடக்கிக்கொண்டார். "என்ன ஸ்மில்யா, ரொம்ப அமைதியாயிட்ட? உன் புருஷன் இருந்தப்ப இந்த அமைதி இருந்திருந்தா பாவம், இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பானே!" வாயைத் திறந்து நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். திறந்தால் விழுந்துவிடுமோ என்று பயம். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, தெரியுமா?

இதெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்றுதான். கோழிக்கூண்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து இந்தப் பல்லில் தட்டினேன். ஒன்றுமே கேட்கவில்லை. ரொட்டியில் தட்டின மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் ஓங்கித் தட்டினேன். முட்டை சும்மா இருந்தது, பல்லின் ஓரம் பெயர்ந்து விழுந்தது. அதைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.

பல்செட்டைத் திருப்பி அனுப்புகிறேன். வலது பக்கம் மேலே புண்ணாகியிருக்கிறது, அதையும் பார். காது கேட்கிற பல் செய்ய முடியுமா முடியாதா என்று ஒரே வார்த்தையில் எழுது. முடியாது என்றால் நாற்காலியை யாருக்காவது கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஸ்மில்யா


சுபோதிட்சா
7 டிசம்பர் 1986

அக்காவுக்கு,

ஒரே வார்த்தையில் எழுத முடியாது. கோபித்துக்கொள்ளாதே.

மூன்று நாள் பட்டறையில் இதுதான் வேலையாக இருந்தது. இரண்டு டஜன் முட்டை வாங்கிவந்து அக்ரிலிக் பல்லில் தட்டினேன், பீங்கான் பல்லில் தட்டினேன், உலோகப் பல்லில் தட்டினேன், என் பல்லிலும் தட்டினேன். எதெல்கா உள்ளே வந்து பார்த்துவிட்டாள். "என்னங்க, முட்டையையும் பல்லையும் வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? உடம்பு சரியாத்தானே இருக்கு?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அக்காவுக்காக என்றேன். இரண்டு டஜன் முட்டையையும் ஒரு வாரம் ஆம்லெட்டாகப் போட்டே தீர்த்தாள்.

விஷயம் இதுதான். முட்டையின் சத்தம் உன் காதுக்குப் பல்லில் இருந்து நேராக வருவதில்லை. பல் எலும்பில் நிற்கிறது, எலும்பு வழியாகத்தான் வருகிறது. நான் கட்டின பல் ஈறின் மேல் உட்கார்ந்திருக்கிறது, மெத்தையில் உட்கார்ந்த மாதிரி. அதில் எதுவும் கேட்காது. பீங்கானில் செய்தாலும் கேட்காது.

ஆனால் உன் கோரைப்பல் இரண்டும் கல் மாதிரி இருக்கின்றன. அவற்றைக் கம்பி பிடித்திருப்பதால் தட்டும்போது கம்பி அதிர்ந்து சத்தத்தைக் கெடுக்கும். அதனால் கம்பிகளைப் பின்னால் உள்ள பற்களுக்கு மாற்றிவிட்டேன். இப்போது கோரைப்பல் சும்மா நிற்கிறது. பல்செட்டைக் கழற்றாமலே அதில் தட்டலாம், யாருக்கும் தெரியாது. முன்பல்லில் கேட்ட அதே சத்தமாக இருக்காது, கொஞ்சம் தடித்திருக்கும். முதலிலிருந்து பழக வேண்டும். தினமும் இருபது முட்டை தட்டு. கோழி, வாத்து, கினிக்கோழி, மரம் எல்லாவற்றையும் கலந்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தட்டு.

புண் இருந்த இடத்தில் தகட்டைத் தேய்த்திருக்கிறேன். உடைந்த பல்லையும் மாற்றிவிட்டேன். கசகசாவுக்கு வழி ஒன்றும் இல்லை, அதை மட்டும் விட்டுவிடு.

மூலையில் உட்காருகிற பேச்செல்லாம் உனக்குப் பொருந்தாது.

ஓப்ராத்


தொபோல்யாக்
1 பிப்ரவரி 1987

அன்புள்ள தம்பி ஓப்ராத்,

பார்த்தாயா, எழுதிவிட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நல்ல சேதி. பல் உட்கார்ந்துவிட்டது. காலையில் மாட்டினால் அது இருப்பதே மறந்துபோகிறது. நிக்கோலா புனிதர் திருநாளில் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் நானே கோதுமைப் படையல் கொடுத்து, அவர்களோடு உட்கார்ந்து மீன் வறுவலும் தின்றேன். கவ்ரிலோ வந்திருந்தார். நவம்பரில் கொடுக்காமல் வைத்திருந்த நாலு வார்த்தையையும் வட்டியோடு கொடுத்தேன். "அப்பாடா, ஜலதோஷம் சரியாப்போச்சு!" என்று மனுஷன் கைகொட்டிச் சிரித்தார். நானும் வாய் திறந்து சிரித்தேன். மூன்று மாசமாகச் சிரிக்காமல் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

முட்டையும் பழகிவிட்டது. முதல் வாரம் வாத்து முட்டையைக் கோழி என்றேன், மரத்தை வாத்து என்றேன். ஜனவரியில் இருபதுக்கு இருபதும் சரியாகச் சொன்னேன். கோரைப்பல் சத்தம் தடிப்புத்தான், ஆனால் பொய் சொல்லாது.

இப்போது கெட்ட சேதி. போன வாரம் டாக்டரம்மா சும்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "உங்க இடதுபக்க முன்பல்லு இருந்துச்சே, அது செத்துப்போய் பத்து வருஷத்துக்கு மேல ஆயிருக்கும்மா. உள்ள நரம்பே இல்ல." அந்தப் பல்லில்தானே நான் தட்டுவேன்! பத்து வருஷம் என்றால் 1978-ம் அதற்குள் அடங்குமே! செத்த பல்லை வைத்துக்கொண்டு உன் முட்டையைக் கேட்டிருக்கிறேன். பொய் சொன்னது உன் முட்டையில்லை ஓப்ராத், என் பல். ஊர் முன்னால் என் கூடப்பிறந்தவனைத் திருடன் என்று சொல்லி பஸ் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

மனசு கேட்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோரும் கலைவதற்கு முன்னால் எழுந்து நின்று சொன்னேன். பல் கட்டியிருப்பதையும் சொன்னேன், செத்த பல்லையும் சொன்னேன், உன்மேல் தப்பில்லை என்பதையும் சொன்னேன். கவ்ரிலோ கேட்டார்: "அப்போ ஸ்மில்யா, அதுக்கப்புறம் நீ தள்ளிவிட்ட முட்டையெல்லாம்?" நாற்காலியை விட்டுவிட்டேன். இந்த வருஷம் அதில் கவ்ரிலோவே உட்காரப்போகிறார். தேவாலய மணி அடித்தால் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்பவர் அவர். போகட்டும்.

ஊரே உன்னைக் கூட்டிவரச் சொல்கிறது. அன்று உனக்குக் கிடைக்காமல் போன மேசை இடத்தை இந்த வருஷம் தரப் போகிறார்களாம். என்னை மன்னித்துவிடு. எதெல்காவைக் கூட்டிக்கொண்டு ஈஸ்டருக்கு வா.

உன் அக்கா ஸ்மில்யா


சுபோதிட்சா
1 மார்ச் 1987

அக்கா,

இது ஐந்தாவது கடிதம். முதல் நாலையும் கிழித்துப்போட்டேன். முதல் கடிதத்தில் 'உன்னை மன்னித்தேன்' என்றுகூட எழுதியிருந்தேன். அவ்வளவு மட்டமானவன் நான்.

கேள். செத்த பல்லும் எலும்பில்தான் நிற்கிறது. அதற்குச் சூடு தெரியாது, குளிர் தெரியாது, வலி தெரியாது. ஆனால் முட்டையில் தட்டினால் சத்தத்தை அப்படியே எலும்புக்குக் கொண்டுபோகும். டாக்டரம்மாவைக் கேட்டுப் பார், அவளும் இதைத்தான் சொல்வாள். உன் பல் பொய் சொல்லவில்லை. உன் காதும் பொய் சொல்லவில்லை.

அந்த முட்டை பொய் முட்டைதான்.

ஊசியால் துளை போட்டு, உள்ளே இருந்ததை ஊதி எடுத்துவிட்டு, பல் செய்கிற பசையை ஊற்றினேன். இறுகினதும் துளையை மெழுகால் அடைத்துச் சாயம் போட்டேன். அதற்கு முந்தின வருஷம் கவ்ரிலோ எல்லோர் எதிரிலும், "இவனுக்கு எதுக்குய்யா முட்டை? கிழவிங்களுக்குப் பல்லு செய்யப் போகச் சொல்லு" என்று சொன்னார். நீகூடச் சிரித்தாய். அந்தக் கோபம். ஒரு தடவை ஜெயித்துக் காட்டிவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர்கள் முட்டையை எல்லாம் நொறுக்கிவிட்டு, சொல்லிச் சிரிக்கலாம் என்று. நீ ஒரே தட்டில் கண்டுபிடித்துவிட்டாய். அந்த நிமிஷம் நான் சிரித்திருக்கலாம். அதற்குப் பதிலாக "பொறாமைக்காரி, தம்பி ஜெயிச்சா உனக்குப் பொறுக்காது" என்று கத்திவிட்டுப் பஸ் ஏறினேன்.

அக்கா, நான் இத்தனை வருஷம் வராமல் இருந்தது கோபத்தால் இல்லை. வெட்கத்தால் வரவில்லை. உன் அச்சு வந்தபோது அதைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் எழுதத் தைரியம் வரவில்லை. நல்ல பல்லாகச் செய்து கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

இப்போது நீ நாற்காலியையும் விட்டுவிட்டாய். என்னால்.

எதெல்காவிடம் முந்தாநாள் சொன்னேன். நீ எழுதிய கடிதங்களையும் படிக்கக் கொடுத்தேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

ஓப்ராத்


தொபோல்யாக்
11 மார்ச் 1987

அடேய் ஓப்ராத்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். பிறகு திரும்பவும் படித்தேன். பிறகு வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உன்னைத் திட்டித் தீர்த்தேன். பொறாமைக்காரி என்று நீ சொன்ன அந்த வார்த்தை ஒன்பது வருஷமாக எனக்குள் முள் மாதிரி கிடந்தது. உண்மையிலேயே பொறாமையால்தான் அப்படிக் கேட்டதோ என்று எத்தனை நாள் என்னையே சந்தேகப்பட்டிருக்கிறேன்! டாக்டரம்மா செத்த பல் என்றதும் அது ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. பொறாமையில்லை, பல்தான் என்று.

திட்டி முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. முட்டைக்குள் பல்! உன்னைத் தவிர இந்தப் பூமியில் யாருக்கு இந்தப் புத்தி வரும்? கவ்ரிலோ சொன்னதற்கு நானும் சிரித்தேன், வாஸ்தவம்தான். அதை மறந்தே போயிருந்தேன். சிரித்திருக்கக் கூடாது.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை. நீயும் சொல்லாதே. உன்மேல் தப்பில்லை என்று ஊர் முன்னால் சொன்னது சொன்னதுதான். எனக்கு வயசு அறுபத்திரண்டு. நாற்காலியில் உட்காராவிட்டால் குடிமுழுகிப் போகாது. என் காது சரியாகத்தான் இருந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, உனக்கும் தெரியும். அது போதும். அவர்கள் கொடுக்கிற மேசை இடத்தை மட்டும் வாங்கிக்கொள்ளாதே, வயிறு சரியில்லை என்று ஏதாவது சொல்லிவிடு. மற்றபடி நீ வந்தால் போதும்.

எதெல்கா பேசாமல் இருப்பது ரொம்பச் சரி. அவளை நான் பார்க்க வேண்டும்.

அக்கா


சுபோதிட்சா
2 ஏப்ரல் 1987

அக்கா,

நீ சொன்னதை நான் கேட்கவில்லை. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

கவ்ரிலோவுக்கு நேற்றுப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். துளை, பசை, மெழுகு என்று ஒன்று விடாமல். குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் சத்தம்போட்டுப் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். செத்த பல்லும் கேட்கும் என்பதற்கு இங்குள்ள பல் டாக்டர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். உன் நாற்காலியை உனக்குத் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறேன்.

எதெல்கா அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "இப்பத்தான் நீங்க மனுஷன்" என்றாள். பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஈஸ்டருக்கு வருகிறேன் என்று எழுத எனக்கு வாயில்லை. கடிதத்தைப் படித்த பிறகு ஊர் என்ன சொன்னது என்று எழுது. வரக் கூடாது என்றால் அதையும் மறைக்காமல் எழுது.

ஓப்ராத்


தொபோல்யாக்
12 ஏப்ரல் 1987, குருத்தோலை ஞாயிறு

தம்பி,

படித்தாயிற்று.

கவ்ரிலோ மேசைமேல் ஏறி நின்று படித்தார். அவருக்கு எதுவும் மெதுவாகப் படிக்க வராது, தெரியுமே. 'கிழவிங்களுக்குப் பல்லு செய்யப் போ' என்று அவர் சொன்னதை எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் மட்டும் குரல் இறங்கிப்போயிற்று. ஆனாலும் விடாமல் படித்தார். முடித்ததும் நான் கைக்குட்டையைத் தேடினேன்.

முதலில் ஒருத்தன், "பசையா? அடப்பாவி, அது மட்டும் மேசைக்கு வந்திருந்தா என் முட்டை அன்னிக்குத் தூள்தூளாப் போயிருக்குமே!" என்று கத்தினான். அப்புறம் ஊரே பிடித்துக்கொண்டது. உன்னை வைத வசவை எல்லாம் எழுத இந்தத் தாள் போதாது. உன் மூக்கிலிருந்து ஆரம்பித்து பஸ் வரைக்கும் போனார்கள். வைது வைது களைத்துப்போய் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கவ்ரிலோ மேசையிலிருந்து இறங்கி, நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து என் எதிரே போட்டார். "உட்காரு ஸ்மில்யா. செத்த பல்லை வெச்சே பிடிச்சவ நீ. எங்களுக்கு வேற யாரு?" என்றார்.

"எந்தப் பல்லுல தட்டுவே இனிமே?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். வாயை நன்றாகத் திறந்து காட்டினேன். கோரைப்பல், கம்பி, ரோஜாத் தகடு, எல்லாவற்றையும். "இந்தக் கோரைப்பல்லுல. மத்ததெல்லாம் என் தம்பி கட்டிக் குடுத்தது" என்றேன். ஆறு பேர் உன் விலாசம் கேட்டிருக்கிறார்கள். வாயைப் பொத்திக்கொண்டு ஜலதோஷம் என்று திரிந்தவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை போலிருக்கிறது.

கமிட்டி அங்கேயே தீர்ப்பும் எழுதிவிட்டது. ஆயுசுக்கும் உன் முட்டை மோதல் மேசைக்கு வரக் கூடாதாம். நானும் கையெழுத்துப் போட்டேன். ஊர்க்காரர்கள் திட்டி முடித்துவிட்டார்கள். நான் இன்னும் முடிக்கவில்லை, அதைக் கடிதத்தில் முடிக்கவும் முடியாது. சனிக்கிழமை மூன்று மணி பஸ்ஸுக்குக் காத்திருப்பேன். எதெல்காவை முன்னால் இறங்கச் சொல், அவளைக் கட்டிக்கொண்ட பிறகுதான் உன்னைத் திட்ட ஆரம்பிப்பேன்.

அக்கா